உள்ளூர்க்காரன் ஒத்திகை

மயிலாடுதுறைக்கு வெளியூர்க்காரர்கள் வருவதில் ஒரு ஒழுங்கு உண்டு. கல்யாணத்துக்கு வருவார்கள், கருமாதிக்கு வருவார்கள், ஜாதகத்தை மடியில் வைத்துக்கொண்டு பரிகாரத்துக்கு வருவார்கள். இந்த மூன்றாம் வகையார் வேன் பிடித்து வருவார்கள். வைத்தீஸ்வரன்கோயிலில் செவ்வாய், திருவெண்காட்டில் புதன், கீழப்பெரும்பள்ளத்தில் கேது என்று கிரகம் கிரகமாக இறங்கி ஏறி, கூட்டத்தில் அறுபது முடிந்தவர் யாராவது இருந்தால் திருக்கடையூரில் அவருக்கு மறுபடியும் மாலை மாற்றிவைத்து, இருட்டுவதற்குள் கும்பகோணம் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். நடுவில் எங்கள் ஊரில் ஒரு காப்பி குடிப்பார்கள். அதில் எங்களுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. வந்தவர் போய்விடுவார் என்பதுதானே சுற்றுலாவில் உள்ள நல்ல அம்சம்.

இப்போது நான்காவதாக ஒரு வகை கிளம்பியிருக்கிறது. இவர்கள் கோயிலுக்கு வரமாட்டார்கள், கோட்டைக்கு வரமாட்டார்கள். நம் வீட்டுக்கு வருவார்கள். நம்மைப் போலவே வாழ்ந்து பார்க்க வேண்டும் என்பார்கள்.

என் மைத்துனன் பெங்களூரிலிருந்து போன் செய்தான்.

“அத்தான், தீபாவளி முடிஞ்சதும் நாங்க மூணு பேரும் அங்க வர்றோம். இந்தத் தடவை லாட்ஜ் கீட்ஜ் எல்லாம் வேணாம். கார் எடுத்துக்கிட்டுக் கோயில் கோயிலா அலையப் போறதில்ல. டூரிஸ்ட்டாட்டம் இல்லாம ஊர்க்காரங்களாவே இருந்து பாக்கணும். நீங்க என்ன பண்றீங்களோ அதையே நாங்களும் பண்றோம்.”

“நான் பண்றதையா?” என்றேன். எனக்கே குரல் கம்மியது.

போனை வைத்துவிட்டு, நான் என்னதான் செய்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். காலை ஏழரைக்கு எழுந்திருக்கிறேன். காவிரிப் படுகையின் நட்டநடுவில் உட்கார்ந்துகொண்டு, பாக்கெட் பாலில் கலந்த திடீர்க் காப்பியைக் குடிக்கிறேன். பேப்பரில் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்து “உம்” என்கிறேன். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுப் பல காலமாகிவிட்டதால் அந்த நீர்மட்டத்தால் எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஆனாலும் டெல்டாக்காரன் “உம்” என்று சொல்லாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டக்கூடாது. பதினோரு மணிக்குத் தெருமுனை வரை போய், யாராவது போய்விட்டார்களா என்று விசாரித்து வருகிறேன். மத்தியானம் தூங்குகிறேன். சாயங்காலம் கொசு மட்டை. இரவு தொலைக்காட்சித் தொடர். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்காது, ஆனால் ஐந்து தொடரின் கதையும் விட்டுப்போகாமல் தெரியும்.

இதைப் பார்க்கவா ஒருவன் ரிசர்வ் செய்துகொண்டு ராத்திரி முழுக்க ரயிலில் வருவான்?

“ஏன், நீங்க எப்பவும்போல இருங்களேன்” என்றாள் மனைவி. “பக்கத்துல பாய் போட்டு அவனையும் படுக்க வச்சுக்குங்க.”

ஊர் மானம் என்று ஒன்று இருக்கிறதே. மயிலாடுதுறை எங்கள் வாயில் இன்னும் மாயவரம்தான். மாயவரத்தான் இப்படித்தான் வாழ்கிறான் என்று பெங்களூரில் போய்ச் சொன்னால் எப்படி இருக்கும்? ஆகவே மாயவரத்தான் எப்படி வாழ்வதாக உலகம் நம்பிக்கொண்டிருக்கிறதோ அப்படி வாழ்ந்து காட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். பரணிலிருந்து பித்தளை டவரா செட் இறங்கியது. புளி போட்டுத் தேய்த்ததில் அதன் அடியில் என் தாத்தாவின் பெயர் தெரிந்தது. காப்பிக்கொட்டை வறுத்து அரைக்கும் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கைலிகளெல்லாம் பீரோவுக்குள் போக, நாலு முழ வேட்டிகள் வெளியே வந்தன. திண்ணையைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதற்குக் கம்பி அடைத்து ஸ்கூட்டர் நிறுத்த ஆரம்பித்து வெகுநாளாகிறது. ஸ்கூட்டரை வெளியே தள்ளிவிட்டு, எண்ணெய்க் கறையின்மேல் பாயை விரித்தேன்.

கோலம்தான் பெரும்பாடாகிவிட்டது. எங்கள் வாசற்படியில் இருந்தது ஸ்டிக்கர் கோலம். அதைக் கத்தியால் சுரண்டினால் காகிதம் மட்டும் வருகிறதே தவிர, பசை வரமாட்டேன் என்கிறது. பசையின்மேல் தெருப்புழுதி படிந்து, தாமரைப்பூ வடிவத்தில் ஒரு கறுப்பு அச்சு நிரந்தரமாகிவிட்டது. அதன்மேல் என் மனைவி மாக்கோலம் போட்டாள். வெள்ளைக் கோலத்துக்கு அடியிலிருந்து கறுப்புத் தாமரை, தலைமறைவாக இருக்கும் குற்றவாளி மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது.

மைசூர் எக்ஸ்பிரஸில் மூன்று பேரும் காலையில் வந்து இறங்கினார்கள். மைத்துனன், அவன் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள். அந்தப் பெண் கையில் நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாள். அதைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மறுநாள் விடிவதற்குமுன் காவிரி. இது என் ஏற்பாடு. ஐப்பசி மாதம் மாயவரத்தில் இருந்துகொண்டு பாத்ரூமில் குளிப்பவனை ஊர்க்காரன் என்று யார் சொல்வார்கள்? (ஊரில் பெரும்பாலோர் பாத்ரூமில்தான் குளிக்கிறார்கள். அதை அவர்களிடம் நான் சொல்லவில்லை.) மற்ற ஊர்க்காரர்கள் பாவத்தைக் கங்கையில் கரைத்துவிடுகிறார்கள், அப்படிச் சேர்ந்த பாவத்தைக் கழுவ அந்தக் கங்கையே ஐப்பசியில் எங்கள் துலாக்கட்டத்துக்கு வருகிறாள் என்பது ஐதிகம். ‘ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது’ என்ற சொலவடையை இங்கே பிள்ளைகளுக்குப் பாலோடு புகட்டிவிடுவார்கள். மாதக் கடைசி நாள் கடைமுழுக்கு. அன்று எங்கள் ஊர் சாமிகளெல்லாம் காவிரிக்கரைக்கு எழுந்தருளுவார்கள். நடக்க முடியாத ஒருவர் இந்த முழுக்குக்காகத் தவழ்ந்து தவழ்ந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டதாம். அவர் முறையிட, மாயூரநாதர் கார்த்திகை முதல் தேதியையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அதுதான் முடவன் முழுக்கு. கடைசித் தேதிக்கு அபராதமில்லாமல் ஒருநாள் அவகாசம் தந்த இப்படியொரு அலுவலகத்தை, என் உத்தியோக காலம் முழுவதிலும் நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் ஸ்கூட்டரில் போகும்போதே மைத்துனனுக்குச் சொல்லிக்கொண்டு போனேன். முதல்நாள் ராத்திரி மனைவியிடம் கேட்டு வைத்துக்கொண்டதுதான்.

துலாக்கட்டத்தில் இருட்டு பிரிந்திருக்கவில்லை. ஆற்றின் நடுவே மண்டபத்தில் நந்தி. கர்வம் கொண்ட நந்தியை இறைவன் அடக்கிய இடம் என்பார்கள். எனக்கும் அதுதான் இடம் என்று அப்போது தெரியாது. படிகளில் நாலைந்து பெரியவர்கள் பேசிக்கொண்டே சர்வ சாதாரணமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் முதல் படியிலேயே நின்று, காலால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இரண்டாவது படியில் பாசி இருந்தது. ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கிறது. நான் உட்கார்ந்தபடியே நாலாவது படிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கரையில் சங்கல்பம் செய்துவைக்கும் சாமி ஒருவர் ஓடிவந்து கைகொடுத்தார். “பாத்து, பாத்து. புதுசா வர்றவங்க இந்தக் கம்பியப் புடிச்சுக்கணும். எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க?”

மைத்துனன் அதற்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று மூக்கைப் பிடித்து முழுகி எழுந்துவிட்டான். அவனைக் காட்டி, “அவரு பெங்களூருங்க” என்றேன்.

“அவரு இருக்கட்டும். நீங்க?”

நான் காதில் தண்ணீர் போய்விட்டதாக ஜாடை காட்டினேன்.

2017 செப்டம்பரில் இதே இடத்தில் காவிரி மகா புஷ்கரம் நடந்தது. 144 வருஷத்துக்கு ஒருமுறை வருவது என்று சொல்லி எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து முழுகிவிட்டுப் போனார்கள். “கூட்டம் குறையட்டும், போவோம்” என்று நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் குறைந்தது, புஷ்கரமும் முடிந்துவிட்டது. அடுத்தது 2161-இல். அப்போது முன்கூட்டியே போய்விடுவதாக இருக்கிறேன்.

குளித்துவிட்டு வரும்போது அந்தப் பெண் மணிக்கூண்டுக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தாள். “மாமா, இத எதுக்குக் கட்டினாங்க?”

“மணி பாக்கத்தாம்மா.”

அவள் போனில் பார்த்துவிட்டுச் சொன்னாள்: இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் துனிசியாவில் ஜெயித்ததை நினைவுகூர 1943-இல் எழுப்பியதாம். எனக்குத் திக்கென்றது. நான் இத்தனை காலமாக இந்த மணிக்கூண்டைச் சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். பஸ்ஸில் இறங்குகிறவர்களுக்கு வழி சொன்னதெல்லாம் இதை வைத்துத்தான். ஆப்பிரிக்காவின் வடகோடியில் எவனோ ஜெயித்ததற்கும் எங்கள் கடைத்தெருவுக்கும் இப்படியொரு சம்பந்தம் இருக்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. உள்ளூர்க்காரனுக்கு மணிக்கூண்டு என்பது இடதுபக்கம் திரும்பவேண்டிய இடம். அவ்வளவுதான்.

அதிலிருந்து அந்தப் பெண் என்னை விடவில்லை. தமிழின் முதல் நாவலை எழுதியவர் இந்த ஊரில் முன்சீபாக இருந்தாராமே, அவர் வீடு எது? வேதநாயகம் பிள்ளை, பிரதாப முதலியார் சரித்திரம், 1879 என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது நினைவிருந்தது. அவருக்கு வீடு என்று ஒன்று இருந்திருக்கும் என்பதை நான் யோசித்ததேயில்லை. ஆசிரியர் குறிப்பில் இருப்பவர்களெல்லாம் ஆசிரியர் குறிப்பிலேயே வசிப்பதாகத்தான் என் எண்ணம். உ.வே.சா. சின்னப் பையனாக மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்க வந்தது இந்த மாயூரத்துக்குத்தானே என்றாள். இங்கே அவர் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதமும் கற்றுக்கொண்டிருக்கிறார். அது பிள்ளையவர்களுக்குத் தெரிந்துபோக, சங்கீதத்தில் மனசு போனால் இலக்கியத்தில் புத்தி போகாது என்று சொல்லிவிட்டார்; பாட்டு வகுப்பு அத்தோடு நின்றது. கணக்கு ட்யூஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிரிக்கெட் ஆடியவனை அப்பா பிடித்த கதையை எங்கள் தெருவிலும் கேட்டிருக்கிறேன். இதே தெருக்களில்தான் அதுவும் நடந்தது என்று நினைக்கும்போது உ.வே.சா.மேல் திடீரென்று ஒரு பாசம் வந்தது. ஆனால் இதைச் சொல்லவேண்டியவன் நான், சொன்னவள் அவள்.

மாயூரநாதர் கோயிலில் இதைவிட மோசம். பார்வதி மயிலாக வந்து பூஜித்த கதையை மூச்சுவிடாமல் சொல்லி முடித்துக் கொஞ்சம் தலைநிமிர்ந்தேன். அவளோ புடவை சுற்றிய ஒரு சிவலிங்கத்தின் முன்னால் போய் நின்று, “இது யாரு மாமா?” என்றாள். நான் தூணைப் பார்த்தேன். பின்னாலிருந்து என் மனைவி சொன்னாள்: ஐப்பசி முழுக்குக்கு வந்த நாதசர்மாவும் அவர் மனைவி அனவித்யாம்பிகையும் இங்கேயே இறைவனோடு கலந்துவிட்டார்கள், அந்த அம்மாள் கலந்த லிங்கத்துக்குத்தான் புடவை சாத்துகிறார்கள். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். மனைவியைக் கும்பிடுகிற ஒரு சன்னதி ஊருக்குள்ளேயே இருந்தும் கண்ணில் படாமல் நான் வாழ்ந்திருக்கிறேன் என்பது அந்தப் பார்வையின் சாரம்.

கடைத்தெருவில் என் திறமையைக் காட்டலாம் என்று நினைத்தேன். உள்ளூர்க்காரன் என்றால் பேரம் பேசுவான். வாழைப்பூவுக்கு நான் பேசிய பேரத்தில் அந்தக் கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு யாருக்கோ கீரை கட்டத் தொடங்கிவிட்டாள். மைத்துனன் மனைவி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “என்ன பாட்டி, பேத்திக்குக் கல்யாணமாயிடுச்சா?” என்று கேட்டாள். பேத்தி இருப்பது இவளுக்கு எப்படித் தெரியும்? எல்லாக் கிழவிக்கும் பேத்தி இருக்கும் என்ற துணிச்சல்தான். அதே வாழைப்பூ, சொன்ன விலை, கொசுறாக ஒரு கை கறிவேப்பிலை, கூடவே பேத்தி மாமியாரின் குணாதிசயங்கள். எனக்குக் கிடைத்தது முகத் திருப்பல் மட்டும்.

கூறைநாடு எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டு நெய்கிற கூறைப் புடவைக்குப் பேர்போன இடம். முகூர்த்தத்தில் பெண்ணுக்கு அதைத்தான் கட்டுவார்கள். தறி பார்க்கவேண்டும் என்று மைத்துனன் மனைவி சொன்னாள். ஒருகாலத்தில் அந்தத் தெருக்களில் நடந்தால் தறிச் சத்தம் காதை அடைக்கும் என்று என் அப்பா சொல்வார். நாங்கள் போன தெருக்களில் கேட்டது வாஷிங் மெஷின் சத்தம். நாலு பேரை விசாரித்து, ஒரு வீட்டின் பின்கட்டில் தறி பார்த்தோம். குழிக்குள் காலைவிட்டு உட்கார்ந்திருந்த பெரியவர், எங்களைப் பார்த்ததற்காக நாடாவை நிறுத்தவில்லை. நூல் அறுந்த இடத்தில் மட்டும் நின்று, எச்சில் தொட்டுத் திரித்து முடிந்து, விரலால் நீவிவிட்டு மறுபடி மிதித்தார். முடிச்சு எங்கே என்று அந்தப் பெண் குனிந்து தேடினாள், கிடைக்கவில்லை. என் மனைவி மட்டும் மெதுவாக, “எனக்கு எங்க எடுத்தாங்க தெரியுமா?” என்று ஆரம்பித்தாள். எனக்குத் தெரியும். காஞ்சிபுரத்தில். கூறைநாட்டுக்குப் பக்கத்தில் பெண்ணை வாழவைக்கப் போகிறவர்கள் கூறைப் புடவைக்குக் காஞ்சிபுரம் போன கதை, என் பெற்றோர்மீதான குற்றப்பத்திரிகையில் முதல் பக்கத்தில் இருக்கிறது. வீடு வந்து சேரும்வரை அது வாசிக்கப்பட்டது.

அடுத்து வயல். “நடவு நடணும் அத்தான்” என்றான் மைத்துனன். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை, அதை அறுத்துவிட்டு அதே வயலில் ஐப்பசியில் தாளடி. எங்கள் நிலத்தைக் குத்தகைக்குப் பார்ப்பவர் வரப்பில் நின்றிருந்தார். அவர் எனக்கு மூட்டைக் கணக்கில்தான் பழக்கம். நிலம் எந்தப் பக்கம் என்று நானே அவரிடம் கேட்கவேண்டியிருந்தது. நடவுக்கு மெஷின் வந்திருந்தது. இருந்தாலும் மூலைமுடுக்கில் கையால்தான் நடவேண்டும் என்று நாலைந்து பெண்கள் சேற்றில் இறங்கியிருந்தார்கள். மைத்துனன் பேண்டை மடித்துக்கொண்டு இறங்கினான். அவன் நட்ட நாற்றையெல்லாம் ஓர் அம்மா பின்னாலேயே வந்து, முகம் கோணாமல் பிடுங்கித் திரும்ப நட்டுக்கொண்டு போனார். நான் வரப்பிலேயே நின்று மேற்பார்வை பார்த்தேன். “பக்கத்து வயல்ல சம்பா நல்லா தூர்கட்டி வந்திருக்கே” என்று சொல்லிவைத்தேன்.

குத்தகைக்காரர் கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை. “அது கோரைங்க” என்றார். “களை எடுக்கல.”

திரும்பும் வழியில் தார்ச்சாலையில் பாதி அகலத்துக்கு நெல்லைக் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். பிந்தி அறுத்த குறுவை. மைத்துனன் வண்டியை நிறுத்தச் சொல்லிப் போட்டோ எடுத்தான். பொன்னிறமாக அழகாகத்தான் இருந்தது. பக்கத்தில் தார்ப்பாயைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்கமாட்டார்கள். மழை வருஷங்களில் தளர்வு கேட்டு டெல்லிக்கு எழுதுவார்கள், அங்கிருந்து குழு வந்து பார்த்துவிட்டுப் போகும், அதற்குள் நெல் முளைவிட்டிருக்கும். இதை நான் கோரை, சம்பா பார்த்த கண்ணோடு சொல்லவில்லை. பேப்பரில் “உம்” சொல்லிப் படித்ததைத்தான் சொன்னேன். மைத்துனன் போனைப் பையில் வைத்துவிட்டான். தூறல் போட்டது. அவர் தார்ப்பாயின் ஒரு முனையை நீட்ட, இவன் கேட்காமலே மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஓடினான். நான் ஸ்கூட்டர் சீட்டை வேட்டியால் மூடினேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அவர்கள்மேல் உண்மையான கோபம். தரங்கம்பாடி முப்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. 1620-இல் டேனிஷ்காரர்கள் கடலோரத்தில் கட்டிய கோட்டை. 1706-இல் சீகன்பால்கு வந்து இறங்கி, அச்சுக்கூடம் வைத்துத் தமிழில் புத்தகம் போட்ட ஊர். நான் அங்கே பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போய் வாந்தியெடுத்ததோடு சரி. யாராவது வெளியூர்க்காரர் வந்தால் அந்தச் சாக்கில் போகலாம் என்று காத்திருந்தேன். பூம்புகாரும் அப்படித்தான், சிலப்பதிகாரக் கலைக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டிய காலத்திலிருந்தே ‘ஒருநாள் போகணும்’ பட்டியலில் இருக்கிறது. ஊரில் இருப்பவன் ஊரைப் பார்க்கவேண்டுமென்றால் அதற்கு ஒரு விருந்தாளி வந்தாகவேண்டும். இவர்கள் என்னடாவென்றால், “கோட்டையா? அதெல்லாம் டூரிஸ்ட்டுங்க போற இடம் அத்தான். நாம வீட்லயே இருப்போம்” என்கிறார்கள். என் மனைவிகூடக் கட்டுச்சோற்றுக்குப் புளிக்காய்ச்சல் கிளறி வைத்திருந்தாள். அதை வீட்டுக்குள்ளேயே சாப்பிட்டோம்.

வீட்டிலேயே இருப்பது என்று ஆனதும், மனைவி தன் தம்பியின் வாக்கை அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொண்டாள். “ஊர்க்காரங்களா இருக்கணும்னுதானே வந்தீங்க?” மைத்துனன் மனைவிக்கு அரிசி புடைக்கும் முறம் வந்தது. அந்தப் பெண்ணுக்குக் கொசு மட்டை. மைத்துனனுக்கு ரேஷன் கார்டு, கூடவே நான்.

வரிசை நீண்டிருந்தது. மைத்துனனுக்கு ஒரே குஷி. முன்னாலிருந்தவரிடம் வரப்புத் தகராறு, பின்னாலிருந்தவரிடம் சர்க்கரை வியாதி என்று அரைமணியில் தெருவின் முழு வரலாறும் தெரிந்துகொண்டான். என் முறை வந்தது. மெஷினில் கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு. ஆள்காட்டி விரல். சிவப்பு. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். அதற்கும் சிவப்பு. ஆயுசெல்லாம் கோப்பு புரட்டியே ரேகை தேய்ந்துவிட்டது போலிருக்கிறது. “இது உங்க கார்டுதானா சார்?” என்று உள்ளேயிருந்து கேட்டார்கள். வரிசையில் ஒரு முணுமுணுப்பு. எனக்குச் சாட்சி சொல்ல, “இவரு எங்க அத்தாந்தாங்க, இதே தெருதான்” என்று முன்வந்தவன் மைத்துனன். பின்னாலிருந்த சர்க்கரை வியாதிக்காரர், “தம்பி சொன்னா சரியா இருக்கும்” என்றார். கடைசியில் மனைவி வந்து விரல் வைத்துத்தான் துவரம்பருப்பு வாங்கினோம்.

அதற்குப் பிறகு மைத்துனனிடம் மாற்றங்கள் தெரிய ஆரம்பித்தன. “மயிலாடுதுறை” என்று முழுப் பெயரையும் சொல்லிக்கொண்டிருந்தவன், பஸ் கண்டக்டர்களைப் போலவே “மாயரம்” என்றான். பெயரை அரசாங்கம் மாற்றியது 1982-இல். தனி மாவட்டமாக ஆக்கியது 2020 டிசம்பரில். கண்டக்டர்களுக்கு இரண்டு சேதியும் இன்னும் போய்ச் சேரவில்லை. ஒருநாள் பதினோரு மணிக்குத் தெருமுனை வரை போய்விட்டு வந்து, “கோடி வீட்டுப் பெரியவருக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்காம்” என்று தகவல் சொன்னான். பேப்பரை என்னிடமிருந்து வாங்கி மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்த்து, “உம்” என்றான். தொடரில் வரும் மருமகள் கர்ப்பமாக இல்லை, நடிக்கிறாள் என்பதை எங்களுக்கெல்லாம் முன்னதாகக் கண்டுபிடித்தவன் அவன்தான்.

கடைமுழுக்கு வந்தது. முந்தின ராத்திரியிலிருந்தே ஊர் நிரம்பிவிட்டது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆறு வரைக்கும் ஜனம். எங்கள் வீட்டு வாசலில்கூட யாரோ குடும்பமாகத் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். கறுப்புத் தாமரையை அவர்கள் கோலம் என்றே நினைத்துச் சுற்றிவந்து தாண்டினார்கள். எனக்கு இத்தனை நாள் பழக்கத்தில் தானாக விழிப்பு வந்துவிட்டது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மைத்துனனை எழுப்பினேன். அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

“என்ன அத்தான்?”

“கடைமுழுக்குப்பா. நேரமாச்சு.”

“ஐயோ, கூட்டமா இருக்கும் அத்தான். எல்லாம் வெளியூர் ஜனம். நாளைக்குத்தான் முடவன் முழுக்கு இருக்கே, நிதானமாப் போய்க்கலாம்.” போர்வையை இழுத்துக்கொண்டான்.

தனியாக அந்தக் கூட்டத்தில் இறங்க எனக்கும் தைரியமில்லை. துண்டை மடித்து வைத்துவிட்டேன். மறுநாள் மழை. மைத்துனன் போர்வைக்குள்ளிருந்தே, “அடுத்த வருஷம் வச்சுக்கலாம் அத்தான்” என்றான். அந்தப் பெண்தான் குடையை எடுத்துக்கொண்டு, “வாங்க மாமா, நாம போலாம்” என்றாள்.

துலாக்கட்டத்தில் கூட்டம் வடிந்திருந்தது. இரண்டாவது படியைத் தாண்டிக் காலை வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஒரு முழுக்குப் போட்டேன். நிமிர்ந்தால் எதிரே அதே சாமி.

“அடடே, நீங்களா! அன்னிக்கு வந்தீங்களே? நேத்தே வந்திருக்கக்கூடாதா, சாமியெல்லாம் வந்து தீர்த்தவாரி பிரமாதமா நடந்துச்சே” என்றார். “ஏன், ஊர்லேர்ந்து வண்டி லேட்டா?”

படியில் குடையோடு நின்றிருந்த அந்தப் பெண், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

“ஆமாம் சாமி” என்றேன். “விழுப்புரத்துக்கிட்ட ரொம்ப நேரம் போட்டுட்டான்.”